மூடியிருக்கிறதா என்று திறந்து பார்ப்பவர்

வாசகப் பெருமக்களே, சரிபார்ப்போர் என்றொரு ஜீவராசி உண்டு. கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கப் பூட்டிய வீட்டைத் திறந்து, அணைத்திருப்பதைக் கண்டு மறுபடி பூட்டி, அந்தப் பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்து, அதற்குள் விளாத்திகுளம் பஸ்ஸைக் கோட்டைவிடுவார்கள். கெட்டவர்களா? இல்லவே இல்லை. கெட்டவர்களாக இருந்தால் ஒதுங்கிப் போய்விடலாமே!

இந்த இனத்தின் தலைவர் கோவில்பட்டிக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் இருக்கிறார். பேராசிரியர் சண்முகராஜ். தலைமுடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெலிந்த கார்பன் நானோகுழாய்களை ஒரு டப்பாவில் அடைத்து, திரவ நைட்ரஜனில் குளிரவைத்து, மைக்ரோவேவ் அலையைச் செலுத்தி, அந்தக் குளிரில் அவை எவ்வளவு அலையை விழுங்குகின்றன என்று அளப்பது அவர் தொழில். அளந்ததை நம்புவது மட்டும் அவர் தொழில் இல்லை. "கனெக்டர் லூசா இருக்குமோ?" என்பார். முறுக்குவார். அளவு காட்டும் திரையில் கோடு மாறாது. "மாறலையே, மெஷின் கெட்டுப்போச்சோ?" என்பார்.

அவரிடம் ஆராய்ச்சி செய்யும் பிரியதர்ஷினிக்கு ஆறு வருடம் இப்படியே ஓடிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் திருநெல்வேலியில் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஆறு வருடமும் வீண். மூன்று தடவை அளந்திருந்தாள். மூன்று கோடும் அச்சாகப் பொருந்தின. சார் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை காலை, கடம்பூர் போளியோடு போய் நின்றாள்.

"மூணும் ஒரே மாதிரி வருதே, அதான் இடிக்குது" என்றார் அவர், ஒரு போளியைத் தின்றுவிட்டு, ருசியை உறுதிசெய்ய இன்னொன்றை எடுத்தபடி. "கேன்ல நைட்ரஜன் மிச்சம் இருக்குல்லா? ஒரே ஒரு தடவை பாத்துருவோம்மா."

இருந்து தொலைத்தது. மாட்டு ஆஸ்பத்திரியில் சினை ஊசி மருந்தைக் குளிரில் வைக்க நைட்ரஜன் கொண்டுவரும் வண்டிதான் கல்லூரிக்கும் வாரம் ஒரு கேன் இறக்கும். டப்பாவைக் குளிரவைத்தார்கள். அன்று பார்த்து, கரிசல்காடு மொத்தமும் காத்திருந்த ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. மிளகாய் போட்டவர்களெல்லாம் சந்தோஷமாக நனைந்தார்கள். நம் சண்முகராஜுக்கோ ஒரு சந்தேகம். டப்பா சரியாக மூடியிருக்கிறதா? எப்படித் தெரிந்துகொள்வது?

திறந்து பார்த்தார்.

"சார், என்ன செய்யுதீங்க!"

"மூடித்தாம்மா இருந்திருக்கு" என்று நிம்மதியாக மூடினார். அந்த இரண்டு நொடியில் ஈரக்காற்று உள்ளே போய், நானோகுழாய்களின்மேல் பனியாக உறைந்துவிட்டது. திரையில் கோடு சறுக்கிக்கொண்டு வேறெங்கோ போய் நின்றது. ஆயுளில் முதல் தடவையாக அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

"பாத்தியா! இதான் சரியான கோடு! பழைய மூணையும் தூக்கிப் போடு, புதுசா எழுதுவோம்!"

பிரியதர்ஷினிக்கு அழுகை வந்தது. அழுதால் நேரமாகும் என்று, மூடியைக் கழற்றி டப்பாவை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். உள்ளே வெள்ளைவெளேர் என்று பனி.

"நீங்க அளந்தது குழாயை இல்ல சார், மழையை."

"அப்ப முந்தின மூணும்?"

"சரிதான் சார்."

"உறுதியாவா?"

"சார்!"

கையெழுத்துப் போட்டார். போட்டது தன் கையெழுத்துத்தானா என்று வேறொரு தாளில் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் கொஞ்சம் வேறுமாதிரி இருந்தன. அவர் நிமிர்வதற்குள் அவள் ஆய்வேட்டைக் கவரில் போட்டு ஒட்டிக்கொண்டு மழையில் ஓடிவிட்டாள்.

"ஏம்மா, உள்ள எல்லாம் இருக்கான்னு ஒரு தடவை பிரிச்சுப் பாத்துருவோமா?" என்று பின்னாலேயே கூவினார். பஸ் கிளம்பிவிட்டது.

கயத்தாறு தாண்டியதும் அவள் என்ன செய்தாள் தெரியுமா? கவரைப் பிரித்துப் பார்த்தாள். ஆறு வருடப் பழக்கம் சும்மா விடுமா? உள்ளே எல்லாம் இருந்தது. ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கொடுத்தும்விட்டாள், கிழிந்த கவரில்.

ஆக, இது தொற்றும். நீங்கள் சிரிக்கிறீர்கள். ரொம்ப நல்லது. அடுப்பை அணைத்துவிட்டுத்தானே படிக்க உட்கார்ந்தீர்கள்?

போங்கள், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.