பத்து சென்ட் மனையில் கிணறு வெட்டுவது குறித்து மருமகனுக்கு

புதுக்கடை
10.2.2013

கிறிஸ்துவுக்குள் பிரியமான மருமகன் ஜெஃப்ரின் அவர்களுக்கு மாமா யேசுரத்தினம் எழுதுவது. இங்கே நானும் மாமியும் கர்த்தர் கிருபையால் சுகம். தோஹாவில் நீங்களும் ஜின்சியும் எட்டு மாதப் பேத்தியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். சுகம் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேனே தவிர எனக்கு மனசு சரியில்லை. வாரம் இரண்டு தடவை போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் "மாமா" என்று கூப்பிட்டதும் எனக்குப் பொய்தான் வாய்க்கு வருகிறது. அதனால் எழுதி, லீவு முடிந்து வருகிற பக்கத்து வீட்டு சிஜின் கையில் ஏத்தங்காய் சிப்ஸோடு கொடுத்தனுப்புகிறேன். கல்யாணத்துக்கு நான் தந்த பத்து சென்ட் மனையில் அடுத்த மாதம் கிணறு வெட்ட ஆள் பேசியிருக்கிறீர்கள். தயவுசெய்து வெட்ட வேண்டாம். காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆடியில் ஒரு காலேஜிலிருந்து பிரிஜா மேடம் என்று ஒரு பிள்ளை வந்தாள். நம் பக்கத்து மூன்று பஞ்சாயத்திலும் மண் கெட்டுப்போன இடங்களைக் கண்டுபிடித்து, எதனால் யாருக்கு ஆபத்து என்று கணக்கெடுத்து, ஆபத்துக்குத் தக்கபடி மஞ்சள், சிவப்புப் புள்ளியாக ஒரே வரைபடத்தில் குறிக்கப் போகிறார்களாம். அதற்கு ஊர் விவரம் தெரிந்த பெரியவர் வேண்டுமாம். சபைக் கமிட்டியில் யாரும் வாயைத் திறப்பதற்கு முன் நான் கையைத் தூக்கினேன். ஒரு தொப்பியும், கழுத்தில் தொங்கவிட ஒரு அட்டையும் கொடுத்தார்கள். அட்டையோடு கோயிலுக்குப் போனேன், மீன் வாங்கப் போனேன். "திங்கும்பமாவது அதக் கழத்தி வைக்கப்பிடாதா?" என்று மாமி கேட்டாள். படிப்பின் அருமை அவளுக்கு எங்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு.

வேலை என்னவோ எளிதுதான். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பாரம், அதில் மூன்று கேள்வி. மண்ணில் விஷம் உண்டா, அது வெளியே போக வழி உண்டா, போய்ச் சேரும் இடத்தில் ஆள் உண்டா. மூன்றும் இருந்தால்தான் ஆபத்து, ஒன்று இல்லாவிட்டாலும் பயமில்லை என்று மேடம் சொல்லித் தந்தாள். பிறகு ஒரு கவர் மண் அள்ள வேண்டும். மொத்தம் அறுபது இடம். அதில் நான் கண்டுகொண்டது, அடுத்தவன் தோட்டம் விளையில் நாற்பது வருஷத்துக்கு முன் என்ன கொட்டினான் என்று எல்லோருக்கும் தெரியும், சொந்த விளையில் நேற்றுக் கொட்டியது ஒருத்தருக்கும் தெரியாது. ஒர்க்‌ஷாப் வைத்திருந்த தாணுலிங்கம் அண்ணாச்சி, முப்பது வருஷத்தில் ஒரு சொட்டு ஆயில் தரையில் விழவில்லை என்று சத்தியம் செய்தார். அவர் பக்கத்தில் நின்ற வெள்ளைக் கோழிக்கு முட்டுவரைக்கும் கால் கறுப்பு. மண் பொய் சொல்லாது அண்ணாச்சி என்று அரைமணி நேரம் அவருக்குப் பிரசங்கம் பண்ணினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் நிதானமாக, "ஓய், எல்லாவன் மண்ணையும் அள்ளுகீரு. உம்ம பேட்டரிக் கடை மண்ணை எப்பம் அள்ளப் போறீரு?" என்றார்.

அந்தக் கடையை நீங்கள் பார்த்ததில்லை. உங்கள் மனை இருக்கும் இடத்தில்தான் பதினெட்டு வருஷம் பழைய பேட்டரிகளை உடைத்து, ஈயத்தை உருக்கி விற்றேன். ஆசிட்டை எல்லாம் மூலையில் நின்ற பலாமரத்து மூட்டில் ஊற்றினேன். மரம் பட்டுப்போனபோது கேட்டவர்களிடம் பருவம் தப்பிப்போச்சு என்று சொன்னேன். அண்ணாச்சி கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியுமா? அறுபதாவது பாரமாக எழுதினேன். விஷம்: கொஞ்சம். வழி: இல்லை. ஆள்: இல்லை. ஆனால் மண்ணை அள்ளக் குனிந்தபோது கை வரவில்லை. மகளுக்கும் மருமகனுக்கும் கொடுத்த இடம் சிவப்புப் புள்ளியாகப் பஞ்சாயத்து ஆபீஸில் தொங்கினால் என் மரியாதை என்ன ஆகும்? எதிரே என் சித்தப்பா மகன் செல்வதாஸின் மரச்சீனி விளை. நல்ல பொதுபொதுவென்ற மண், அவன் பேரப்பிள்ளைகள் இரண்டும் உருண்டு விளையாடுகிற மண். அதிலிருந்து ஒரு கவர் அள்ளி அறுபது என்று எழுதிக் கட்டினேன்.

முடிவு வந்தது. தாணுலிங்கம் அண்ணாச்சிக்கு மஞ்சள். எனக்கு மூன்று பஞ்சாயத்திலேயே பெரிய சிவப்பு. அவ்வளவு ஈயமாம், மேடமே ஜீப் போட்டு வந்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். அது என் மண்ணே இல்லை என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. உங்கள் கல்யாணத்துக்கு முன் மேட்டை வெட்டி மனையை நிரப்பாக்க ஜேசிபி வைத்து இரண்டடி மண்ணைச் சுரண்டினோம், அதைப் பதினொரு டெம்போ செல்வதாஸ்தான் விளைக்கு அடித்துக்கொண்டு போனான். நான் களவாண்டது என் சொந்த மண்ணையே. சனிக்கிழமைதோறும் அவன் கொடுத்துவிடும் மரச்சீனிக் கிழங்கை மீன் கறியோடு தின்றவனும் நான்தான்.

மேலே சுரண்டியது போக அடியில் எவ்வளவு இறங்கியிருக்கிறதோ தெரியாது. போன வாரம் நீங்கள், "மாமா, கொச்சுக்கு நம்ம கிணத்துத் தண்ணியே குடுக்கலாம்" என்று சந்தோஷமாகச் சொன்னீர்கள். நான் ஆமாம் என்றேன். ஆள் இல்லை என்று எழுதிய இடத்தில் என் பேத்தி வந்து நிற்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது மருமகனே. மேடத்திடம் உண்மையைச் சொல்லி மனையைத் திரும்பப் பரிசோதிக்கச் சொல்லப் போகிறேன். அதற்குத் தைரியம் வரட்டும் என்றுதான் முதலில் தூரத்தில் இருக்கும் உங்களிடம் சொல்கிறேன். ஜின்சியிடம் பதமாகச் சொல்லுங்கள்.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, குழந்தைக்கு நீண்ட ஆயுசைத் தருவாராக.

இப்படிக்கு,
வெட்கத்தோடு,
மாமா யேசுரத்தினம்

பி.கு: சிஜினின் டிக்கெட் பத்து நாள் தள்ளிப்போனதால் கவரைப் பிரித்து எழுதுகிறேன். மேடத்திடம் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. மனையில் மூன்று குழி தோண்டி மண்ணும், பழைய போர்வெல்லிலிருந்து தண்ணீரும் எடுத்துப் போனாள். இன்றைக்கு ரிசல்ட். உங்கள் மனை சுத்தம், தண்ணீரும் சுத்தம். தாராளமாகக் கிணறு வெட்டலாம். நான் ஸ்தோத்திரம் சொல்லத் தொடங்கினேன். "அங்கிள், உங்க மனை தப்பிச்சிட்டு. அதுல இருந்த விஷமெல்லாம் இப்பம் யாரு விளையில கிடக்குன்னு செல்வதாஸ் அங்கிளுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். மேலே இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன், அந்த விளையில் உருளுகிற இரண்டு பிள்ளைகளுக்காக நான் ஒரு தடவைகூடப் பயப்படவில்லை பாருங்கள். இனி இந்தக் கடிதம் உங்களுக்குத் தேவையில்லை. ஆனாலும் அனுப்புகிறேன். அனுப்பாவிட்டால் எதிரே இருக்கும் அந்த வீட்டுக்கு நான் போகாமலேயே இருந்துவிடுவேன். வாசித்ததும் போன் போட்டு, செல்வதாஸிடம் சொல்லியாயிற்றா என்று கேளுங்கள். நான் ஆமாம் என்றால் நம்பாதீர்கள், போனை அவனிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.