கொத்தனார் விசாவில் வந்த சுவாமிகள்

உலகத்து நாடாளுமன்றங்களுக்கெல்லாம் ஜனநாயகம் கற்றுக்கொடுக்கும் தகுதி, துபாய் கராமாவில் இயங்கிய எங்கள் 'தமிழ்ப் பேரவை'க்கு இருந்தது. ஆறு கட்டில் போட்ட ரூம்தான் மன்றம். நான்தான் சபாநாயகர். மணி இல்லாத குறையை ஓர் அலுமினியக் குண்டானும் கரண்டியும் தீர்த்துவைத்தன.

எண்பத்தைந்தாம் வருஷக் கூட்டத்தொடரில் ஒரே மசோதா: கொத்தனார் முனியசாமியை ஊருக்கு அனுப்புவது. பங்குனியில் அவன் மகளுக்குக் கல்யாணம். பாஸ்போர்ட் கபீலிடம். "பதிலுக்கு ஒரு கொத்தனாரைக் கொண்டு வா, தருகிறேன்" என்று அந்த முதலாளி விசா ஒன்றும் கொடுத்துவிட்டார். முனியசாமியின் மச்சினன் கார்மேகம் ஊரில் கரணையும் கையுமாகக் காத்திருந்தான்.

இவ்வளவு புனிதமான மசோதாவைப் பிரார்த்தனை இல்லாமலா தொடங்குவது? பெரிய பெரிய சபைகளில் சமயத் தலைவர் வந்து வாழ்த்திய பிறகுதானே வாயையே திறக்கிறார்கள்! ஊரிலிருந்து சுவாமி அம்மையப்பானந்தரை வரவழைக்கத் தீர்மானித்தோம்.

"விசா?" என்றார் எதிர்க்கட்சித் தலைவர் நெய்னா முகம்மது.

"அதான் கையில ஒண்ணு இருக்கே!" என்றேன்.

"யோவ், அது கார்மேகத்துக்கு வந்ததுய்யா!"

குண்டானைத் தட்டி அவரை உட்காரவைத்தேன்.

"கல்யாணத்துக்குப் போயிருவேன்ல, அண்ணே?" என்றான் முனியசாமி.

"சாமி காரியத்துல சந்தேகப்படாதடா!"

சுவாமிகள் 'கொத்தனார்' ஆக வந்திறங்கினார். வெள்ளிக்கிழமை முழுக்கப் பிரார்த்தித்தார். "கொத்தனார் ஒருவர் விரைவில் தாயகம் சேர்வாராக!" என்று அவர் கையை உயர்த்தியபோது அவையே கண்கலங்கியது. மசோதாவுக்குத்தான் நேரமில்லை. சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் கம்பெனி பிக்கப் வந்து நின்றது. "நயா மிஸ்திரி கிதர்? யல்லா, ஜல்தி!" என்று புதுக் கொத்தனாரைத் தேடி அவசரப்படுத்தினார்கள். காவி வேட்டியோடு சுவாமிகளை சைட்டுக்கு ஏற்றிப் போனார்கள். மதியத்துக்குள் ஒரு சுவர் எழுப்பினார். அது ஆசி வழங்குவதுபோல் முன்பக்கம் குனிந்தது. கபீல் வந்து பார்த்தார். "கலாஸ்!" என்று கதையை முடித்தார். விசாவை ரத்துசெய்து சுவாமிகளை அன்றே விமானம் ஏற்றிவிட்டார்.

"என் பாஸ்போர்ட்டு?" என்று ஓடினான் முனியசாமி.

"ஆள் மாஃபி, பாஸ்போர்ட் மாஃபி" என்று இரண்டுமே இல்லையெனக் கைவிரித்தார் கபீல்.

அடுத்த கூட்டத்தில் நான் பெருமிதத்தோடு அறிவித்தேன்: பேரவையின் பிரார்த்தனை பலித்தது, வேண்டியபடியே கொத்தனார் ஒருவர் தாயகம் சேர்ந்துவிட்டார். பலத்த கைதட்டல். நன்றியுரைக்கு முனியசாமியை அழைத்தேன்.

எழுந்தான். "சாமியாவது ஒரு நாளு கரணையப் புடிச்சாரு. நீங்க குண்டான மட்டுந்தான் புடிச்சீங்க. எம் மக கல்யாணத்துக்கு என்னைப் போகவிடாமப் பண்ணது கபீலும் இல்ல, சாமியும் இல்லண்ணே. நீங்கதான்."

அவையின் மாண்பு கருதி, அந்தப் பேச்சை அவைக்குறிப்பிலிருந்து நீக்க உத்தரவிட்டேன்.