மலைக்கு முதுகு காட்டிய போக்கஸ் அண்ணன்

இலங்கை மலையகத்தில் இருக்கிற மலைகளையெல்லாம் படமெடுத்து, ஒரு படத்தில்கூட மலை தெரியாமல் பார்த்துக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் போக்கஸ் அண்ணன்தான். மஸ்கெலியா பஜாரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். படியேறி வருகிற எவரையும் "போக்கஸ் சரியில்ல, தள்ளி நில்லுங்க" என்றுதான் வரவேற்பார். அப்படி வந்த பெயர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்.

கல்யாணம், சடங்கு, அடையாள அட்டை, சாவு, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே போஸ்தான். நாடி மேலே, தோள் கீழே, கைகட்டு. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு சாவு வீட்டில் பெட்டியைச் சுற்றிக் குடும்பத்தை நிறுத்திவைத்து, புருஷனைப் பறிகொடுத்த அக்காவிடம், "அக்கா, அழுகைய ஒரு நிமிஷம் நிப்பாட்டுங்க, மூக்குல லைட் அடிக்குது" என்றார். பாவம், அந்த அக்காவும் நிறுத்தினார். கடைசியில் படத்தில் மூக்கு மட்டும்தான் தெளிவாக இருந்தது.

இந்த ஆளை மலைக்குக் கூட்டிப்போன மடையன் நான்தான். காரணம் என் அம்மா. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேலே இருக்கிற மலைச்சரிவில் நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவர். வேலை நாளில் உச்சிக்குப் போக வழியில்லை, லீவு நாளில் விறகும் துணியும். ஓய்வு கிடைத்தபோது முழங்கால் போய்விட்டது. நானும் நண்பன் குமாரும் இரண்டு நாள் டென்ட் போட்டுத் தங்கி உச்சிக்குப் போகப்போகிறோம் என்றதும் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"நாப்பது வருஷமா அந்த மல என்னையப் பாத்துக்கிட்டே இருக்கு. அதோட கண்ணுக்கு நம்ம லயம் எப்புடித் தெரியுதுன்னு நான் ஒரு தடவ பாக்கணும். படம் எடுத்துக்கிட்டு வாப்பா."

அம்மா என்னிடம் எதையும் கேட்கிற ஆளே இல்லை. என் போனில் எடுத்தால் லயம் கடுகளவுகூடத் தெரியாது. அத்தனை தூரத்தை இழுக்கிற பெரிய லென்ஸ் பஜாரிலேயே போக்கஸ் அண்ணனிடம் மட்டும்தான் இருந்தது. போய்க் கேட்டேன்.

"லென்ஸ் தனியா வராது தம்பி, நானுந்தான் வருவேன்" என்றார். "மலைப் படம்தான் என்னோட உண்மையான தொழில். கல்யாணமெல்லாம் சும்மா வயித்துக்கு."

சாப்பாட்டுச் சாமானில் அவர் பங்கு ஒன்றே ஒன்று. தேயிலைத்தூள் பொட்டலம். முதல் நாள் மதியம் காட்டோரத்தில் அடுப்பு மூட்டி, தண்ணீர் கொதிக்கிறது, அண்ணன் பையைத் திறக்கிறார். சீப்பு வருகிறது. பவுடர் டப்பா வருகிறது. கண்ணாடி, ஊசிப்பின், கறுப்புக் குடை. கடைசியாக, மஸ்கெலியாவில் பாதி ஆம்பளைகள் அடையாள அட்டைப் படத்துக்குப் போட்ட அந்த ஸ்டூடியோ கோட்.

"தேயில எங்கண்ணே?" என்றான் குமார்.

"கோட்டு மடிப்புக் கலையாம வைக்கணும்ல. எடம் பத்தல. எடுத்து வச்சிட்டேன்."

கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் தேயிலை. தேயிலைக்கு நடுவில் பிறந்த மூன்று பேர் இரண்டு நாள் சுடுதண்ணீர் குடித்தோம். வெளியில் சொன்னால் வெட்கக்கேடு.

காட்டுக்குள் நுழைந்ததும் குமார் காலில் அட்டை ஏறியது. அதை விழவைக்க அவன் சவர்க்காரக் கட்டியைத் தேடிக் குனிய, "அசையாதீங்க தம்பி, அட்டை நல்லா போஸ் குடுக்குது" என்று அண்ணன் தரையில் படுத்துவிட்டார். அவர் எழுந்தபோது அட்டை சாப்பிட்டு முடித்துத் தானே கீழே இறங்கிவிட்டது. அந்தப் படத்திலும் அட்டை இல்லை, குமாரின் முழங்கால் இருக்கிறது.

மறுநாள் காலையில் உச்சி. நாலாபக்கமும் பனிமூட்டம். பக்கத்தில் நின்ற குமாரே பாதிதான் தெரிந்தான். சும்மா இருப்பாரா மனுஷன்? "அதுக்குள்ள ஆளுக்கொரு படம் எடுத்துருவோம்" என்று என்னைக் கோட்டுக்குள் திணித்தார். ஈரக் களிசான், சேற்றுச் சப்பாத்து, மேலே கோட். பள்ளத்துக்கு முதுகு காட்டி நிற்கவைத்து, கையைக் கட்டச் சொல்லி, நெற்றியில் பவுடரையும் அப்பினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மூட்டம் விலகியது. குமார் கத்தினான். திரும்பிப் பார்த்தேன். ஐயோ, எங்கள் தோட்டம், கோயில், ரோடு, வரிசையாக லயக் கூரைகள், எல்லாம் பளிச்சென்று கீழே கிடந்தன.

"அண்ணே, லயம்! அங்க எடுங்க!"

"திரும்பாதீங்க தம்பி. காலர் மடிஞ்சிருக்கு."

வந்து காலரை நிமிர்த்தினார். நாடியைத் தூக்கினார். பின்னால் போனார். தலை சாய்ந்திருக்கிறது என்று மறுபடியும் வந்தார். அவர் கெமராவைக் கண்ணில் வைத்தபோது கீழே தோட்டமும் இல்லை, லயமும் இல்லை. வெள்ளை மட்டும்தான். மதியம்வரை காத்திருந்தோம். மழைதான் வந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "உங்களுக்கு மலையும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. எங்கம்மா என்கிட்ட கேட்டதே இது ஒண்ணுதான்" என்று கத்தினேன். அண்ணன் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால் இறங்கினார்.

அம்மா வாசலில் நின்றார். "தெரிஞ்சிச்சாப்பா?"

"பனிம்மா."

"சரி விடு. பனிய யாரு என்ன செய்ய?" என்று உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து, பத்திரிகையில் சுற்றிய ஒரு பெரிய பிரேமோடு போக்கஸ் அண்ணன் லயத்துக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே அம்மாவிடம் கொடுத்தார்.

பிரித்தோம். உச்சியிலிருந்து எடுத்த எங்கள் தோட்டம். லயம், கூரை, கூரைமேல் காற்றுக்கு நாங்கள் தூக்கிவைத்த கல்கூடத் தெரிந்தது. அதோடு விட்டாரா? சவூதியில் இருக்கிற பிள்ளையைக் கல்யாணப் படத்தில் ஒட்டுகிற அதே வித்தையைக் காட்டி, என் தங்கச்சி கல்யாணத்தில் எடுத்த அம்மாவை வெட்டி, பட்டுச்சேலையோடு உச்சியில் நிறுத்தியிருந்தார். கால் தரையில் படவே இல்லை. வெயில் ஒரு பக்கம், நிழல் ஒரு பக்கம். நாலு மூலையிலும் ரோசாப்பூ வேறு. கண்றாவி.

அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு சரிவின்மேல் மெல்ல விரலை ஓட்டினார். "இத்தனூண்டுதானா? நாப்பது வருஷமும் நான் நடந்தது இத்தனூண்டுக்குள்ளதானா?" என்றார். பிறகு படத்தில் நின்ற தன்னைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அந்த முகத்தில் பார்த்ததில்லை.

மறுநாள் தோட்டத்தைக் காவல் காக்கிற வாச்சர் என்னை வழியில் பிடித்தார். "தம்பி, அந்த கெமராக்காரருக்கு என்ன கோளாறு? நாலு தடவ காலங்காத்தால ஒத்தையில மேல ஏறுனாரு. மூணு தடவ பனிய ஏசிக்கிட்டே எறங்குனாரு."

பெத்த பிள்ளை நான் ஏறியது ஒரு தடவை. அந்தக் கூறுகெட்ட மனுஷன் நல்லா இருக்கணும்.