விதி எண் நான்கு

என் வாயில் மிச்சமிருக்கும் ஒன்பது பற்களின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. போன மாதம் வரை பதினொன்றாக இருந்தன. இரண்டு விழுந்ததற்கும் என் வாக்கின் உண்மைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று பல் மருத்துவரே சொல்லிவிட்டார்.

நான் முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்தவன். வருகிற மனுவை வாங்குவேன், தேதி முத்திரையை ஓங்கிக் குத்துவேன், அடுக்கில் வைப்பேன். படிப்பது எங்கள் வேலையில்லை. அதற்கென்று வேறு பிரிவு இருந்தது. அவர்களும் படிக்கவில்லை, அது வேறு கதை. ஒருமுறை ஆற்றுக்குப் பாலம் கேட்டு மனு வந்தது. நான் அதை வைத்த வைப்பில், பாலம் வருவதற்குள் ஆறே வற்றிவிட்டது. ஜனங்கள் செருப்பு நனையாமல் அக்கரைக்கு நடந்து போனார்கள். ஒரு செங்கல்கூட வைக்காமல் குறை தீர்த்தவன் ஐயா நான்!

அலுவலக வாசலில் ஒரு புகார்ப் பெட்டியும் தொங்கியது. பத்தொன்பது வருஷம் கழித்துத் திறந்து பார்த்தோம். உள்ளே ஒரு பல்லி கொள்ளுப்பேத்திகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்து, "என்ன அவசரம்?" என்கிற மாதிரி தலையைத் தூக்கியது. மூடிவிட்டு வந்துவிட்டோம்.

இப்பேர்ப்பட்ட நான், ஓய்வு பெற்ற மறுநாளே சீர்திருத்தவாதி ஆனேன். வேலையில் இருந்தவரை அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டு முன்னறையில் சபை கூடும். சபை என்றால் இரண்டே பேர். மூன்று கால் மரமும் நாலாவது கால் செங்கல்லுமான என் சாய்வு நாற்காலியில் நான். எதிரே, பக்கத்து வீட்டு சர்வேயர். அவரும் ஓய்வு பெற்றவர், ஊர் நிலத்தையெல்லாம் அளந்து முடித்துவிட்டு இப்போது பேச்சை அளக்கிறவர். ஆறு மணிக்குள் லஞ்சத்தை ஒழிப்போம். ஏழு மணிக்குள் மந்திரிசபையைப் பாதியாகக் குறைப்போம். இதற்கு ஆளுக்கு மூன்று டம்ளர் டீ பிடிக்கும்.

அந்த டீயைக் கொண்டுவருகிறவள் என் மனைவி. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு கோரிக்கைதான். தையல் வகுப்பு நடத்த அந்த முன்னறை வேண்டும். அவளுடைய தையல் மிஷின் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே ஒரு சந்தில் கிடந்தது. குளிக்கப் போகிறவன் நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் போகமுடியும். தெருவில் நாலு பெண்கள் கற்றுக்கொள்ளக் காத்திருந்தார்கள். அவள் கேட்கும்போதெல்லாம் நான் "பார்க்கலாம்" என்பேன். எங்கள் பிரிவில் 'பார்க்கலாம்' என்றால் கண்ணை மூடியாயிற்று என்று பொருள்.

இந்த நேரத்தில்தான் எங்கள் மாநிலத்தில் புது ஆட்சி வந்தது. சுத்தமான நிர்வாகம் தருவோம் என்று சொல்லி ஜெயித்தவர்கள். வந்ததும் ஒரு சட்டம் போட்டார்கள். யார் மனு கொடுத்தாலும் ஏழு நாளில் பதில் சொல்லியாக வேண்டும். செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு நானும் சர்வேயரும் கை தட்டினோம்.

"எதுக்குத் தட்டறீங்க? கொசுவா?" என்று கேட்டுக்கொண்டே மனைவி வந்தாள்.

"கொசு இல்ல, புரட்சி! இனிமே மனு குடுத்தா ஏழே நாள்ல பதில். இதுக்குப் பேருதான் நல்லாட்சி!"

"அப்படியா? இந்த வீட்டுல நான் கேட்டு ஏழு வருஷம் ஆச்சு."

"நீ வாயால கேட்டே. அது மனுவாகுமா?"

"ஊரைப் பெருக்கக் கிளம்பினவருக்குத் தன் வீட்டுக் குப்பை தெரியாதாக்கும். அந்த டம்ளரையாவது எடுத்து உள்ளே வைங்க."

சர்வேயர் முன்னால் சொல்லிவிட்டாள்! அவர் வேறு சுவரைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்து நின்றேன். எழுந்த வேகத்தில் செங்கல் நழுவி நாற்காலி குடைசாய்ந்தது. அதைச் சகுனமாக எடுத்துக்கொள்ள எனக்குப் புத்தியில்லை.

"சரி! நாளையிலேர்ந்து இந்த வீட்டுலயும் சுத்தமான நிர்வாகம்!" என்று முழங்கினேன்.

மறுநாள் காலை குளிர்சாதனப் பெட்டியின் கதவில் விதிகளை ஒட்டினேன். ஒன்று, வாய்மொழிக் கோரிக்கை செல்லாது, எல்லாம் எழுத்தில். இரண்டு, மனுவைப் பெட்டியில் போடவேண்டும். மூன்று, ஏழு நாளில் பதில். பெட்டி ஒரு பழைய பிஸ்கட் டப்பா. மூடியில் பிளவு வெட்டி, பூட்டுப் போட்டு, சாவியை என் கண்ணாடிக் கூட்டில் வைத்துக்கொண்டேன். முத்திரைக்குப் பஞ்சமில்லை. ஓய்வு பெறும்போது அலுவலகம் எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்தது. தேதி முத்திரையை எனக்கு நானே பரிசளித்துக்கொண்டேன்.

என் கணக்கு எளிமையானது. பால்காரருக்கு 'நாளை வேண்டாம்' என்பதற்கு மேல் எழுதிப் பழக்கமில்லாதவள் மனு எழுதவா போகிறாள்? எழுதமாட்டாள். முன்னறை என்னுடையது. சட்டப்படி!

சர்வேயர் வந்து மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"என்ன சார், முக்கியமான விதியை விட்டுட்டீங்க?"

"எதை?"

"ஏழு நாள்ல பதில் வரலேன்னா, மனு ஏத்துக்கிட்டதா அர்த்தம். புதுச் சட்டத்தோட உயிரே அதுதான். அது இல்லேன்னா இது சீர்திருத்தம் இல்ல சார், வேஷம்."

"அது எதுக்கு வீட்டுக்கு?"

"பயமா இருந்தா வேண்டாம்."

பயமா? எனக்கா? அங்கேயே பேனாவைப் பிடுங்கி நாலாவது விதியை எழுதினேன். கீழே கையெழுத்தும் போட்டேன். தேவைப்படாத இடத்தில் இரண்டு முத்திரையும் குத்தினேன்.

அரை மணி நேரத்தில் மனைவி கையில் இரண்டு தாளோடு வந்து நின்றாள்.

"ஏங்க, மனு."

தூக்கிவாரிப் போட்டது. ஆனால் முத்திரை மேசை மேல் இருந்தது. நாலு வருஷமாக மனு எதிலும் குத்தாத கை. அரிப்பு எடுத்துவிட்டது.

"ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு பெட்டிக்கு. இன்னொண்ணுல 'பெறப்பட்டது'ன்னு குத்திக் குடுங்க, எனக்கு அத்தாட்சி வேணும்ல?"

"பேஷ்! கத்துக்கிட்டியே!" என்று டமாரென்று குத்தினேன். என்ன எழுதியிருக்கிறது என்று படித்தேனா? முப்பத்திரண்டு வருஷத்தில் படித்தவனா நான்? அவள் அசலைப் பெட்டியில் போட்டுவிட்டு, "டீ வேணுமா? கூட ஒரு டம்ளர் தரேன்" என்றாள்.

"மனுதாரர் கையால் டீயா? லஞ்சம்! எடுத்துட்டுப் போ!" என்றேன்.

எடுத்துப்போய் சர்வேயருக்குக் கொடுத்துவிட்டாள். அவர் மூன்றோடு நாலாகக் குடித்தார்.

அப்புறம் நடந்ததைத்தான் நான் வெற்றி என்று நினைத்தேன். மூன்றாம் நாள், "ஏங்க, கேஸ் தீர்ந்துபோச்சு" என்றாள்.

"விதி ஒன்று! எழுத்தில் குடு!"

சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று மதியம் தட்டில் வெள்ளரிக்காய் வந்தது. சாயங்காலம் கேரட். மறுநாள் விடிந்து கண்ணாடியில் பார்த்தால் என் காது இரண்டும் லேசாக நீண்டிருந்தன. சத்தியமாக! அவசரகால அதிகாரத்தைப் பயன்படுத்தி நானே ஓடிப்போய் சிலிண்டருக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

அதைத் தவிர வீட்டில் ஒரே அமைதி. கல்யாணமான நாளிலிருந்து எதையும் ஒன்பது முறை ஞாபகப்படுத்துகிறவள், தன் மனுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் தபால் பிரிவின் பால பாடம் என்ன தெரியுமா? நினைவூட்டல் வந்தால்தான் மனுவைத் தேடவேண்டும். நினைவூட்டல் வராத மனுவை எந்த மடையன் பிரிப்பான்? சாவி கண்ணாடிக் கூட்டிலேயே தூங்கியது. நானும் தூங்கினேன்.

எட்டாம் நாள் காலை. குளித்துவிட்டுச் சந்து வழியாக நண்டு நடை நடந்து வந்தவன் பாதியில் நின்றேன். பக்கவாட்டில் நடக்கத் தேவையே இல்லை. தையல் மிஷினைக் காணோம்!

முன்னறைக்கு ஓடினேன். மிஷின் ஜன்னலோரம் மகாராணி மாதிரி நின்றது. நாலு பெண்கள் கத்திரிக்கோலும் கையுமாகத் தரையில். என் நாற்காலி கொல்லையில், துணி காயும் கொடிக்குக் கீழே. அதன் மேல் ஒரு போர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

"யாரைக் கேட்டு இதெல்லாம்?"

"உங்களைக் கேட்டுத்தான்." முந்தானையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். "குத்தினது நீங்கதானே? தேதி பாருங்க."

என் முத்திரை. என் தேதி. இந்த முறைதான் படித்தேன். ஒன்று, முன்னறை தையல் வகுப்புக்கு. இரண்டு, நாற்காலி கொல்லைக்கு. மூன்று, சபை கூடினால் ஆளுக்கு ஒரு டம்ளர் டீ, டம்ளரை அவரவரே கழுவவேண்டும். நான்கு, பெட்டிச் சாவியும் முத்திரையும் இனி மனுதாரரிடம்.

"இது செல்லாது! ஏழு நாள்னா வேலை நாள். நடுவுல ஞாயித்துக்கிழமை வந்துச்சு!"

"வேலை நாள்னு விதியில எங்க இருக்கு?"

"நீ ஞாபகப்படுத்தலையே!"

"விதி ஒண்ணு. வாயால சொன்னா செல்லாதே!"

நாலு பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சர்வேயர்! என் ஒரே சாட்சி, என் சபை! "வாங்க சார், இந்த அநியாயத்தைக் கேளுங்க" என்று கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய் அளவு நாடாவைப் பிரித்தார்.

"தங்கச்சி, வெட்டுற மேஜை ஆறடி போட்டா போதுமா, ஏழு வேணுமா?"

"சார்! நீங்களுமா கூட்டு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு ஒரு மூலையைக் காட்டினார். அங்கே, நாலு பெண்களில் மூத்தவளாக, ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தது அவருடைய வீட்டம்மா.

"நாலாவது விதியை உங்களை எழுத வைக்கலேன்னா," என்று மெல்லச் சொன்னார், "எனக்கு அன்னிக்கு ராத்திரி வெள்ளரிக்காய்தான்னு சொல்லிட்டா சார்."

சரி, தோற்றவனுக்கும் சட்டம் உண்டல்லவா? நாற்காலியைத் திரும்பக் கேட்டு நானே ஒரு மனு எழுதிப் பெட்டியில் போட்டேன். இரண்டு பிரதி. அத்தாட்சிக்கு முத்திரை. குத்தியது அவள், என்னைவிட ஓங்கி. கொல்லையில் ஈரப் போர்வைக்கு அடியில் உட்கார்ந்து நாள் எண்ணினேன். அவள் பெட்டிப் பக்கமே போகவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. நினைவூட்ட நான் என்ன முட்டாளா? நாலு, ஐந்து, ஆறு. ஏழாம் நாள் விளக்கு வைக்கும் நேரம் வரை பதில் இல்லை. நாற்காலியின் செங்கல்லைக்கூட எடுத்துத் துடைத்து வைத்துவிட்டேன்.

அப்போது வந்து ஒரு தாளை மடியில் போட்டாள். முத்திரையோடு.

'கூடுதல் விவரம் தேவை. நாற்காலியின் வயது, கால்களின் எண்ணிக்கை, நாலாவது கால் செங்கல் எனில் அதற்கான காரணம். மூன்று பிரதிகளில் அனுப்பவும்.'

இரண்டு முறை படித்தேன். பதிலும் சொன்னதாயிற்று, ஒன்றும் கொடுக்காததும் ஆயிற்று. எங்கள் அலுவலகத்தில் மிகப் பெரிய தலைகளுக்கு மட்டுமே தெரிந்த வித்தை!

"இதை எங்கே கத்துக்கிட்டே?"

"முப்பத்திரண்டு வருஷமா சாப்பிட உட்கார்ந்தா நீங்க வேற என்ன பேசினீங்க? எந்த மனுவை எப்படித் தூங்க வெச்சேன்னுதானே? நான் பரிமாறிக்கிட்டே கேட்டேன்." கொடியிலிருந்த போர்வையை உதறி மடித்தாள். "டம்ளர் ஒண்ணு கழுவாம கிடக்கு. போய்க் கழுவுங்க."

கழுவினேன்.

மாநிலத்தில் அந்தச் சட்டம் எப்படி நடக்கிறதோ எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் பிரமாதமாக நடக்கிறது. தலைமை மட்டும் மாறியிருக்கிறது. நீங்கள் ஒரே ஒரு உதவி செய்யவேண்டும். இதையெல்லாம் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்னது நான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வெளியே சொல்ல அனுமதி கேட்டு நான் போட்ட மனுவுக்கு இன்றுதான் மூன்றாம் நாள்.