பூண்டுக்குப் போட்ட வாட்டில் சாம்பல்

மரம் நட்டதற்காக யாராவது மன்னிப்புக் கேட்டதுண்டா? நான் கேட்டிருக்கிறேன். அதுவும் பக்கத்துத் தோட்டத்துப் பூண்டுப் பாத்தியில், முழங்கால் இரண்டும் சேற்றில் புதைய.

கொடைக்கானலில் தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றதும், அதே மலையிலுள்ள போளூரில் வீடு கட்டிக் குடியேறினேன். வேலியோரம் வாட்டில் என்கிற மரத்தின் கன்று ஒன்றை நட்டேன். அதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியா. அங்கே வீட்டுத் தோட்டங்களில் அது அடக்க ஒடுக்கமாக நின்று பூக்கும் என்று படித்திருந்தேன். நம் மலைக்கு வந்த பிறகு புல்வெளிகளை விழுங்கிக் காடாகப் பரவியதும் எனக்குத் தெரியும். (காட்டில்தானே அடங்கவில்லை? பிளஸ் டூ பையன்களையே அடக்கியவனுக்கு ஒரு மரம் எம்மாத்திரம்!)

தை பிறந்தால் மரம் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும். வருகிற விருந்தாளிகளை அதன் அடியில் நிறுத்தி, காபி ஆறிப்போகும்வரை விளக்கம் சொல்வேன்.

மரம் வளர வளர, வேலிக்கு அந்தப் பக்கம் நிழல் விழுந்தது. அது பஞ்சவர்ணத்தின் தோட்டம். என் பழைய மாணவி.

"சார், நெழல்ல பூண்டு எப்படி சார் பருக்கும்? இந்தத் தடவ பூண்டு போட்டு எடுத்துத்தான் கூரைத் தகரம் மாத்தணும். மழை பேஞ்சா அடுப்புக்குள்ளயே ஒழுகுது" என்றாள்.

உடனே மரத்தை வெட்டினேன். தடியை விறகாக்கி, கிளையையும் சருகையும் மரம் நின்ற இடத்திலேயே குவித்துக் கொளுத்தினேன். இத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் என் பெருந்தன்மை நிற்கவில்லை. பூண்டுக்குச் சாம்பல் நல்ல உரமாயிற்றே! இத்தனை நாள் நிழலடித்ததற்கு ஈடாக இருக்கட்டும் என்று, சூடு ஆறியதும் சாம்பலை அடிமண்ணோடு சேர்த்து வழித்து, கூடை கூடையாகச் சுமந்து அவள் பாத்திகளில் என் கையாலேயே தூவினேன்.

"சார், வந்து... அந்த மண்ணுல..." என்று பஞ்சவர்ணம் இழுத்தாள்.

"நீ பேசாம இரும்மா. சாம்பலோட அருமை உனக்குத் தெரியாது."

அவள் பேசாமல் பூண்டுப் பல்லை ஊன்றினாள். மழை பெய்தது. ஒரு நாள் காலை வேலியோரம் நின்று பார்த்தால், பூண்டுத் தாளுக்கு நடுவே இறகு போன்ற இலைகளோடு பச்சைப் பசேலென்று ஏதோ முளைத்துக் கிடந்தது.

"ஊடுபயிராக் கேரட் போட்டிருக்கியாம்மா? நல்ல யோசனை!" என்றேன். (தாவரவியல் ஆசிரியர்!)

"கேரட்டு இல்ல சார். ஒங்க வாட்டிலு."

அவள் விடவில்லை. "ஓடு கெட்டியான வெத சூடு பட்டாத்தான் வெரசா மொளைக்கும்னு நீங்கதான சார் பாடம் நடத்துனீங்க? நான் அத எழுதி மார்க்கு வாங்கியிருக்கேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"எங்க சார் சொல்லவிட்டீங்க?"

வாட்டில் கன்றைப் பிடுங்கினால் பக்கத்துப் பூண்டும் கூடவே எழும்பி வந்தது. ஒரு கையால் பூண்டை அழுத்திக்கொண்டு மறு கையால் பிடுங்க வேண்டும். மண்டியிட்டேன்.

"மன்னிச்சிரும்மா."

"எந்திரிங்க சார்! வாத்தியார் முட்டி போட்டா, பாக்குறவுக என்னைய என்ன நெனைப்பாக?" என்று பதறினாள். பிறகு பாத்தியை ஒரு பார்வை பார்த்தாள். "சரி, போட்டதுதான் போட்டீங்க, அந்தக் கடைசி வரைக்கும் முடிச்சிருங்க."

என் மனைவி ரோஸ்லின் வேலியோரம் நாற்காலி போட்டுக் குடையோடு உட்கார்ந்துகொண்டாள். "ஏங்க, அந்த மூலைல ஒண்ணு ஒங்களப் பாத்துச் சிரிக்குது பாருங்க!"

அந்த வருடம் பூண்டு சிறுத்துத்தான் போனது. கூரைத் தகரத்தை நான் வாங்கிப் போட்டேன். அடுப்பில் ஒழுகுவது நின்றது. ஆனால் தன் பூண்டை விற்றுக் கூரை போட நினைத்தவளுக்கு அடுத்தவன் தகரம் ஈடாகாது. அந்த உறுத்தல் இன்னும் இருக்கிறது.

வாட்டில் விதை மண்ணுக்குள் பல வருடம் உறங்கும். (இதையும் நானே நடத்தியிருக்கிறேன்.) இப்போதும் மழை பெய்தால் விடிந்ததுமே பஞ்சவர்ணம் வேலியோரம் வந்து குரல் கொடுக்கிறாள்: "சார், ஒங்க புள்ளைக வந்திருக்காக!"

நான் கிளம்புகிறேன். ரோஸ்லின் முட்டிக்குப் போட ஒரு சாக்கை எடுத்துத் தருகிறாள். தந்துவிட்டு, என் சட்டைப் பையில் தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்த பிறகுதான் வெளியே விடுகிறாள்.