நாலரை மணிக்குக் கடல்

ஓய்வெடுக்கவென்று விடுப்புப் போட்டுவிட்டு, அந்த ஓய்வையே இரண்டாவது உத்தியோகமாக எடுத்துக்கொள்கிற ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். தரையில் இவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அங்கே எல்லாரும் ஓடிக்கொண்டிருப்பதால் கூட்டத்தோடு கலந்துவிடுவார். உல்லாசக் கப்பலில்தான் தனியாகத் தெரிவார். அதுவும் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கப்பல் நாள் முழுக்கக் கடலிலேயே போகிற அன்று, மற்றவர்கள் காலை நீட்டிப் படுத்திருக்க, கையில் ஒரு தாளோடு விறுவிறுவென்று ஒருவர் போகிறாரே, அவர்தான்.

நான் பார்த்தவர் ஒரு பள்ளிக்கூடத்தின் உதவித் தலைமையாசிரியர். பதினெட்டு வருடமாக அந்தப் பள்ளிக்குக் கால அட்டவணை போடுகிறவர். யார் எந்த வகுப்புக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பது அவர் கையில். ஒருவர் வராவிட்டால், அக்கடா என்று உட்கார்ந்திருக்கும் இன்னொரு வாத்தியாரின் ஓய்வு நேரத்தைப் பிடுங்கி அந்த வகுப்பை அடைப்பதும் அவர் கையில். பள்ளியில் அவருக்கு அட்டவணையார் என்று பெயர். நாமும் அப்படியே கூப்பிடுவோம், தப்பில்லை.

கப்பல்காரர்கள் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போன நிகழ்ச்சி நிரலில் அவர் நான்கு வண்ணப் பேனாக்களால் கட்டம் போட்டார். ஆறு மணிக்கு மேல்தளத்தில், நிழல் எந்தப் பக்கம் விழும் என்று கணக்குப் பண்ணி, இரண்டு சாய்வு நாற்காலிகளில் துண்டு போட்டு இடம் பிடித்தாயிற்று. பிறகு மூச்சுப் பயிற்சி. பிறகு கூட்டம் சேரும் முன்பே சாப்பாட்டுக்கூடம். பிறகு மாலுமிகள் போடும் முடிச்சுகள் பற்றி ஒரு வகுப்பு. ஷூ நாடா தவிர வாழ்க்கையில் அவர் எதையும் முடிச்சுப் போட வேண்டி வந்ததில்லை, இருந்தாலும் அதை விடுவாரா? 'மன அமைதி பெறுவது எப்படி' என்ற சொற்பொழிவிலிருந்து மட்டும் பாதியில் எழுந்து ஓடினார். சமையலறையைச் சுற்றிக் காட்டுகிற வரிசை நீண்டுவிடுமாம்.

இடையிடையே வந்து துண்டு இருக்கிறதா என்று பார்ப்பார். உட்கார மாட்டார். அவருக்குப் பதிலாகத்தான் துண்டு உட்கார்ந்திருக்கிறதே, பிறகென்ன?

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறவர். கப்பல் ஏறிய அன்றே ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"என்னங்க, எனக்கு இந்த கிளாஸெல்லாம் வேணாம். நீங்க வர்றப்ப நான் டியூட்டிக்குப் போறேன், நான் வர்றப்ப நீங்க கிளம்பிடுறீங்க. ஒரு அரை மணி நேரம் என் பக்கத்துல சும்மா உட்கார்ந்து கடலைப் பாருங்க. பேசக்கூட வேணாம்."

"அதுக்கென்ன, போட்டாச்சே" என்று தாளைக் காட்டினார். நாலரையிலிருந்து ஐந்து வரை, பச்சை மையில்: 'கடல் (மனைவியுடன்)'. அந்த அம்மாள் அதற்கே சந்தோஷப்பட்டார், பாவம்.

நாலேகாலுக்கு ஒலிபெருக்கி பேசியது. துண்டை மடித்து யானை செய்யக் கற்றுக்கொடுக்கும் ஊழியருக்கே கடலில் தலைசுற்றிவிட்டதாம். மூன்று மணிக்கு நடக்காமல் போன அந்த வகுப்பு நாலரைக்கு நடக்குமாம். ஒரு வகுப்பு நகர்ந்தால் அதை எங்கே அடைப்பது? எந்த நேரம் சும்மா இருக்கிறதோ அதில்தானே? பதினெட்டு வருடப் பழக்கம். கண் தானாகப் பச்சை மையில் போய் நின்றது.

"கடல் எங்கே ஓடிடப் போகுது? உன் அரை மணியை அஞ்சரைக்கு மாத்திட்டேன்."

"சரி, போயிட்டு வாங்க" என்றார் மனைவி. இந்தச் 'சரி'யின் அர்த்தம் கல்யாணமான எல்லாருக்கும் தெரியும். அட்டவணையாருக்கு மட்டும் தெரியவில்லை.

ஐந்தரைக்குச் சொன்னபடி வந்தார். கையில் ஒரு காது தொங்கிய யானை. ஜனங்கள் இன்னும் கம்பியோரம் நின்றுகொண்டிருந்தார்கள்.

"என்ன கூட்டம்?"

"டால்பின் வந்துச்சுங்க. பத்துப் பன்னெண்டு இருக்கும். ரொம்ப நேரம் கூடவே வந்துச்சு."

"போட்டோ எடுத்தியா?"

"இல்லைங்க. பார்த்துக்கிட்டிருந்தேன்."

அவர் தன் நாற்காலியில் உட்காரப் போனார். அதில் ஆள் இருந்தது. காலையிலிருந்து காவல் காத்த துண்டை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, வேறொரு பெண்மணி சாய்ந்திருந்தார்.

"இவங்க வீட்டுக்காரரும் இப்ப வர்றேன்னுதான் சொல்லிட்டுப் போனாராம்" என்றார் மனைவி. "நாங்க பேசிக்கிட்டிருக்கோம். நீங்க அடுத்ததுக்குக் கிளம்புங்க, நேரமாயிடும்."

அட்டவணையார் தாளைப் பார்த்தார். அடுத்ததாக ஒன்றும் இல்லை. அந்த அரை மணியை அவர் நின்றுகொண்டே கழித்தார்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பாதி, யானை வகுப்பில் அவர் சொன்னது. பக்கத்து இருக்கையில் துண்டை மடித்துக்கொண்டிருந்தவன் நான்தான். மீதி, என் வீட்டுக்காரி சொன்னது. அந்த நாற்காலியில் இருந்தது அவள். என் யானைக்கு இரண்டு காதும் நன்றாகவே நின்றன. அதை யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

சிரிக்கிறீர்கள். நல்லது. இதைத் திறந்ததும், எவ்வளவு நீளம் என்று முதலில் கடைசி வரைக்கும் ஒரு பார்வை ஓட்டினீர்களே, அது எதற்கு? 'இதோ, இதை முடிச்சுட்டு வந்துடறேன்' என்று யாரிடமாவது சொல்லிவிட்டா படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? அப்படியானால் போய் உட்காருங்கள். நாற்காலி இன்னும் காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.