எக்ஸ்பயரி வேண்டாமென்ற கையெழுத்து

கோயம்புத்தூர் ஜில்லாவிலேயே ஓடுகிற மருந்துக்கடையை மூன்றே மாதத்தில் காற்றாட வைக்கும் திறமை ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவரைக் கடையில் சேர்த்தவன் நான்தான்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. பஸ் ஸ்டாண்டில் தைலம் விற்று, உக்கடத்தில் சொந்தமாக மருந்துக்கடை போட்டவன். எந்த டாக்டரின் கிறுக்கலும் எனக்கு முன்னால் நிற்காது.

தொண்ணூறுகளில் மில் மூடி வேலை போன ஒருவர், முப்பத்தாறு வயதில் டி.பார்ம் படித்துவிட்டு என்னிடம் பயிற்சிக்கு வந்தார். மூன்று மாதம் முடிந்து படிவத்தில் பார்மசிஸ்ட் கையெழுத்து விழுந்தால்தான் பார்மசி கவுன்சிலில் பதிவு, பதிவு இருந்தால்தான் வேலை. அதுவரை பனியன் கம்பெனிக்குப் போகும் மனைவியின் உழைப்பில்தான் சோறு.

மனிதர் சிரித்து நான் பார்த்ததில்லை. வந்த அன்றே காலாவதியான மருந்துகளை ஒரு சாக்கு அள்ளினார். டீக்கடை பன்னைக்கூடத் திருப்பித் திருப்பித் தேதி தேடுவார். தெருவே அவரை 'எக்ஸ்பயரி' என்றது.

"ஏனுங்க, தூக்க மாத்திரை நாலு குடுங்க."

"டாக்டர் சீட்டு இருக்குங்களா?"

"தினமும் வாங்கறதுதானுங்களே!"

"அப்ப தினமும் சீட்டு கொண்டு வரோணுங்க."

வந்தவர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்.

"ஏனப்பா, இது மருந்துக்கடையா, போலீஸ் ஸ்டேசனா?"

"ரெண்டுந்தானுங்க முதலாளி."

ஒருநாள் காங்கேயத்துப் பெரியவர் ஒருவருக்கு நான் மாத்திரை கொடுத்தனுப்பினேன். மேஜையில் கிடந்த சீட்டைப் பார்த்த எக்ஸ்பயரிக்கு முகம் வெளுத்தது. பிரஷர் மாத்திரைக்குப் பதில் சுகர் மாத்திரை கொடுத்திருந்தேன். சைக்கிளில் பறந்தவர், பெரியவர் ஏறிய பஸ்ஸை சிங்காநல்லூரில் மறித்தாராம்.

"சாவறதுக்கு என்ற பஸ்ஸுதான் கெடச்சுதா?" என்று டிரைவர் கத்தினாராம்.

"சாவக் கூடாதுன்னுதானுங்க நிறுத்தினேன்" என்றாராம் இவர்.

சரியானதைக் கொடுத்துவிட்டு, சுகர் மாத்திரையோடு திரும்பி வந்தவர் அதை என் மேஜையில் வைத்துவிட்டு அடுத்த சீட்டை எடுத்தார். திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

லைசென்ஸுக்காகக் கடைச் சுவரில் ஒரு பார்மசிஸ்டின் சான்றிதழ் தொங்கியது. ஆள் இருந்தது திருச்சியில். தீபாவளிக்கு ஸ்வீட் பெட்டி வாங்க மட்டும் வருவார். அந்தக் காலத்தில் பாதிக் கடைகள் அப்படித்தான். "பார்மசிஸ்ட் எப்பங்க வருவாரு?" என்று எக்ஸ்பயரி கேட்கும்போதெல்லாம், "வருவாரு, வருவாரு" என்றே மூன்று மாதத்தை ஓட்டினேன்.

கடைசி நாள், திருச்சிக்கு ஆளனுப்பிக் கையெழுத்து வாங்கிய படிவத்தைப் பெருமையாக நீட்டினேன்.

"இவரு என்னைப் பாத்ததே இல்லைங்களே. நேரடி மேற்பார்வைன்னு போட்டிருக்குதுங்க."

"பாத்தா என்ன, பாக்காட்டி என்ன? வாங்கிட்டுப் போயி பொழைக்கிற வழியப் பாரப்பா."

"நாளைக்கு என்ற கையெழுத்த நம்பி ஒருத்தரு மாத்திரை முழுங்கோணுங்க. அதப் பொய்யில ஆரம்பிக்க வேண்டாமுங்க."

படிவத்தை மேஜையில் வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனார். மூன்று மாதமும் பாழ். பாழாக்கியது நான். அவர் மனைவி இன்னும் எத்தனை நாள் டபுள் ஷிப்ட் பார்க்க வேண்டுமோ என்று அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மதுக்கரையில் பார்மசிஸ்ட் நிஜமாகவே உட்கார்ந்திருந்த ஒரு கடையில், முதல் நாளிலிருந்து பயிற்சியை மறுபடி தொடங்கினார். பதிவு கிடைத்தது. அந்தக் கடையே வேலையும் கொடுத்தது.

இப்போது எனக்கும் பிரஷர். கடை நிறைய மாத்திரை வைத்திருப்பவன், மாதாமாதம் மதுக்கரைக்கு பஸ் ஏறுகிறேன். தலை நரைத்த எக்ஸ்பயரி இன்னமும் சிரிப்பதில்லை.

"சீட்டு கொண்டு வந்தீங்களா முதலாளி?"

ஒருமுறைகூட நான் மறந்ததில்லை.